பட்டினிப் பாத்திகள்

ஜூலை 9, புதன்

பதினாறு பாத்தியிலும் முளைப்பு எண்ணி முடித்தேன். முதுகு இரண்டாக ஒடிந்துவிட்டது. பாத்திக்கு நான்கு வரிசை, வரிசைக்கு ஒரு மீட்டர். கயிற்றை நீட்டிப் போட்டு, குனிந்து, ஒவ்வொரு முளையாக எண்ண வேண்டும். முன்பெல்லாம் எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவேன், எண் தப்பிவிடும் என்று. இங்கே பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. எண் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இது மூன்றாவது வருடம், கடைசி வருடம். மழையை மட்டும் நம்பி மேட்டில் விதைக்கிற நெல். மண்ணோ புளித்த மண். போடுகிற யூரியாவில் பாதி, அடுத்த மழையில் சரிவோடு சறுக்கிக் கீழே போய்விடுகிறது. இங்கேயே கிடைக்கிற பொருளை வைத்து மண்ணைத் திருத்தி விளைச்சலை ஏற்ற முடியுமா? இதுதான் என் கேள்வி. நான்கு பாத்திக்கு யூரியா. நான்குக்குச் சுண்ணாம்பும் மட்கிய குப்பையும். நான்குக்கு உமிக்கரியும், ஒரு மாதம் மூடி வைத்துப் பதமான மனித மூத்திரமும். மீதி நான்குக்கு ஒன்றுமே கிடையாது. அவற்றை நான் பட்டினிப் பாத்தி என்பேன்.

"என் கேள்வி" என்று எழுதும்போது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருபத்து மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் அடுத்தவர் மண்ணைச் சலித்து, அடுத்தவர் குப்பியைக் கழுவி, அடுத்தவர் கட்டுரைக்கு எண் எடுத்துக் கொடுத்தவள். நன்றியுரையில்கூட "ஆய்வக ஊழியர்கள்" என்று கும்பலோடு கோவிந்தாவாகத்தான் வந்திருக்கிறேன். இந்த ஆய்வின் அட்டையில்தான் முதல் தடவையாக என் பெயர் தனியாக நிற்கிறது. டிசம்பரில் ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது. எண்கள் சரியாக வந்தால் மேட்டுநிலக்காரர்களுக்கெல்லாம் இது பரிந்துரையாகப் போகும். இந்தச் சின்ன ஆய்வு நிலையமும் இருக்கும், நானும் இருப்பேன். வராவிட்டால் நிலையத்துக்குப் பூட்டு, எனக்கு மறுபடி நகரத்து ஆய்வுக்கூடம், அண்ணன் வீட்டு மாடி அறை.

ஜூலை 13

மழை 41 மில்லிமீட்டர். மழைமானியிடம் "போதுமா?" என்று கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்

உமிக்கரிப் பாத்திகளுக்கு முதல் தவணை மூத்திரம் ஊற்றினோம். ஒன்றுக்கு மூன்று தண்ணீர். வரிசை ஓரமாகக் கோடு கிழித்து, ஊற்றி, உடனே மண்ணை மூட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையிலிருந்து மஞ்சள் கேன்களில் வருகிறது. ஊரில் எனக்கு வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூத்திர மேடம். பரவாயில்லை, மேடம் என்ற மரியாதையாவது இருக்கிறது.

டீக்கடைக்காரர் இன்று, "பல்லு வெளக்குற கரியை வயலுக்குப் போடுறீங்களே, நெல்லு பல்லைக் காட்டிச் சிரிக்குமா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பி நடக்கும்போதுதான் தோன்றியது, நான் இன்னொரு ஆளோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று. விரல் விட்டு எண்ணப் பார்த்து, நிறுத்திவிட்டேன்.

பழைய காவல்காரர் மகனோடு போய்விட்டதால் இந்த வருடம் புது ஆள். நாற்பது வயதிருக்கும், தனியாள், நாலைந்து ஆடு வைத்திருக்கிறாள். கிளி வரும் காலத்தில் எண்ணெய்த் தகரத்தைக் கட்டையால் தட்டி விரட்டுவாள். அது வராத மாதங்களில் களையெடுப்பாள், கேன் கழுவுவாள். ஊரே அவளைத் தகரம் என்றுதான் கூப்பிடுகிறது. நானும்.

வேலை முடிந்ததும் பட்டினிப் பாத்தியைக் காட்டிக் கேட்டாள்.

"இந்த நாலுக்கு என்னம்மா போடணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஏன்?"

"அது அப்படித்தான். நீ கேனைக் கழுவு."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். வாரம் ஒரு தடவை ஏறுகிறேன். அண்ணன் நலம் விசாரித்தான். பிறகு கொஞ்சம் இழுத்து, "உன் ரூமுல தையல் மெஷினைப் போட்டிருக்கா உங்க அண்ணி. கட்டிலைப் பிரிச்சுச் சுவத்துல சாத்தி வச்சிருக்கோம். நீ வந்தா மாட்டிக்கலாம்" என்றான்.

"நான் எங்க வரப் போறேன், நீங்க தைங்க" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

அண்ணனைக் குறை சொல்லி என்ன? நல்லவன். அண்ணியும் முகம் சுளித்ததில்லை. அந்த வீட்டில் நான் ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், கணக்கில் சேராது. கோபித்துக்கொள்ளக்கூட முடியாத இடம்.

ஆகஸ்ட் 21

இன்று ஐம்பது முடிந்தது. தொட்டி மேல் ஏறவில்லை. ஏறியிருந்தால் யாரும் கூப்பிடவில்லை என்பது உறுதியாகியிருக்கும்.

செப்டம்பர் 6, சனி

காலையில் டீ போட்டேன். இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். ஏனென்று தெரியவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று நாள் காய்ச்சல். எழுதவில்லை. முதல் நாள், செத்துக் கிடந்தால் எத்தனை நாளில் தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் களஅறிக்கை போகாவிட்டால் அலுவலகத்திலிருந்து கேட்பார்கள். அறிக்கையைத்தான் கேட்பார்கள்.

கணக்குத் தப்பு. அன்று மதியமே தகரம் வந்துவிட்டாள். நான் வயலுக்கு வரவில்லை என்று பார்க்க வந்தாளாம். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, வந்த ஆட்டை அதட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் போனாள். மறுநாளும் வந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. மேலாள், கீழாள் என்ற பழக்கம் நாக்கில் ஊறிக் கிடக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒரு சங்கடம். பட்டினிப் பாத்திகள் பச்சையாக இருக்கின்றன.

இலை நிறத்தை ஒப்பிடும் வண்ண அட்டையை வைத்துப் பார்த்தேன். போன இரண்டு வருடமும் இந்தச் சமயத்தில் இரண்டாம் நிறம், சோகை பிடித்த மஞ்சள். இப்போது நான்கு. அட்டையில் அழுக்கு என்று முந்தானையால் துடைத்து மறுபடி வைத்தேன். நான்குதான்.

நல்ல மழை வருடம். மழை செய்யும். செய்யாதா என்ன?

அக்டோபர் 11

கதிரில் பால் பிடித்துவிட்டது. கிளிகள் வந்துவிட்டன. விடிந்ததிலிருந்து தகரம் தட்டுகிற சத்தம். முதல் வருடம் இந்தச் சத்தம் மண்டையைப் பிளந்தது. இப்போது அது நின்றால், என்ன ஆயிற்று என்று ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

அறுவடை.

உலர்த்தி, தூற்றி, பதர் நீக்கி எடை போட்டேன். ஒவ்வொரு பாத்தியும் இருபது சதுர மீட்டர். சராசரி:

யூரியா 5.3 கிலோ. சுண்ணாம்பும் குப்பையும் 4.9. உமிக்கரியும் மூத்திரமும் 5.5. யூரியாவை என் கரி தாண்டிவிட்டது!

பட்டினி 5.1.

ஐந்து புள்ளி ஒன்று. போன வருடம் 3.1. அதற்கு முந்தைய வருடம் 2.9.

ஒன்றும் போடாமல் 5.1 என்றால், நான் கரியும் மூத்திரமும் போட்டு என்ன கிழித்தேன்? குழுவில் முதல் ஆளே கேட்பான்.

தகரம் பக்கத்தில் நின்று சாக்கு பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பல். "பார்த்தீங்களா, நாலும் பின்னால போகலை" என்றாள். என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் அது காதில் விழுந்தும் விழாமல் போயிற்று.

அக்டோபர் 29

மறுபடி எடை. தராசைச் சரிபார்த்தேன். ஈரப்பதம் பார்த்தேன். சாக்குச் சீட்டு மாறியிருக்குமோ என்று எல்லாவற்றையும் கொட்டிக் கட்டினேன். 5.1. சாப்பிடவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பதினாறு பாத்தியிலும் மண் எடுத்துச் சோதித்தேன். இந்த மேட்டு மண்ணின் அமில எண் 4.7. எண் குறைவாக இருந்தால் புளிப்பு அதிகம். ஒன்றும் போடாத மண் ஒன்றும் ஆகாமல் 4.7-லேயே கிடக்க வேண்டும். நான்கிலும் 5.8. சாம்பல் சத்து எகிறி நிற்கிறது. மண்ணை வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல்தான். அடுப்பில் எரிந்த விறகின் பொடிக்கரி. இடையிடையே உடைந்த ஆட்டுப் புழுக்கை.

ஆடு வைத்திருப்பவள், விடிந்ததிலிருந்து அந்த வயலில் நிற்பவள் ஒருத்திதான்.

நவம்பர் 4, செவ்வாய்

கூப்பிட்டுக் கேட்டேன். அறுவடை முடிந்தும் விதைநெல் களத்தில் கிளி விரட்டிக்கொண்டிருந்தாள், தகரத்தோடுதான் வந்தாள்.

"அந்த நாலு பாத்தியில என்ன போட்டே?"

"அடுப்புச் சாம்பல். ஆட்டுக் கொட்டில்ல கூட்டினது. கேன்ல அடியில நின்னதைக் கழுவின தண்ணி." ஒளிவு மறைவே இல்லை. நல்ல காரியம் செய்தவளைக் கேட்டதுபோல் பதில் சொல்கிறாள்!

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"இதுக்கு யாரைக் கேக்கணும்? எல்லாருக்கும் சோறு போட்டுட்டு நாலு பிள்ளையை மட்டும் பார்க்க வச்சா, பார்த்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியுமா? தினம் அது வழியாத்தான் வர்றேன் போறேன்."

"அது பயிருடி! பிள்ளை இல்லை!"

"பயிருன்னா வயிறு இல்லையா?"

எனக்குப் பிடரி சிலிர்த்துவிட்டது. என்னென்ன சொன்னேன்—எழுதவே நாக்கு கூசுது. மூணு வருஷத்தை நீ மண்ணாக்கிட்டேன்னேன். என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேன்னேன். சத்தியமா அழுதுட்டேன், அவ முன்னாடியே. அவ கண்ணைத் துடைக்கக் கை நீட்டுனா. தட்டி விட்டேன். அதுக்கப்புறம்தான் அதைச் சொன்னேன். "நீ தகரம் தட்டத்தான் லாயக்கு."

அவள் தகரத்தையும் கட்டையையும் படியோரம் வைத்தாள். போய்விட்டாள்.

வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேட்டிருக்கிறேன். வேலியே பயிருக்குச் சோறு ஊட்டின கதையை எங்கே போய்ச் சொல்ல?

நவம்பர் 5

வரவில்லை.

நவம்பர் 6

வரவில்லை. களத்தில் கிளிகள் இஷ்டத்துக்கு உட்கார்ந்து தின்கின்றன. தகரத்தை எடுத்துத் தட்டினேன். ஒன்றிரண்டு பறந்தன. மற்றவை என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

தொட்டி மேல் ஏறியபோது, நிலையத்துக்கு மேலதிகாரி போனில் பிடித்தார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கையெழுத்து. அது ஒன்றைத்தான் போடுவார், அதையும் படிக்காமல் போடுவார். நடந்ததைச் சொன்னேன். ஒரு நிமிடம் "ம்... ம்..." என்றார்.

"இதுக்கா இப்படிக் கலங்குறீங்க? அந்த நாலு பாத்திக்குப் போன வருஷ எண்ணை ஒட்டி ஒண்ணைப் போடுங்க. மூணு, மூணேகால். மத்ததெல்லாம் நிஜ எண்தானே? உமிக்கரி நல்லா வந்திருக்குங்கறது உண்மைதானே? உண்மையை நிரூபிக்கத்தானே போடுறோம்?"

"அளக்காத எண்ணை எப்படி சார் எழுதறது?"

"இருபத்து மூணு வருஷத்துல உங்களுக்குன்னு கிடைச்சது இது ஒண்ணு. யோசிங்க. நான் எதுவும் சொல்லலை."

அவர் எதுவும் சொல்லவில்லைதான். எனக்குத்தான் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

பென்சிலால் எழுதிப் பார்த்தேன். 3.0. கட்டத்தில் அழகாகப் பொருந்தியது. உமிக்கரி 5.5, பட்டினி 3.0. பார்க்கிறவன் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அட்டையில் என் பெயரை எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் பொருந்தியது.

கிளம்பி வயலுக்குப் போனேன். அறுத்த தாள் மட்டும் நிற்கிறது. பட்டினிப் பாத்தி எது, உரப் பாத்தி எது என்று முளைக்குச்சியைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. அவள் அதைத்தான் விரும்பியிருக்கிறாள்.

ஒன்று உறைத்தது. எதற்காக நான்கு பாத்தியை வெறுமனே விடுகிறோம் என்று குழுவுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கையெழுத்துக்கு இரண்டு தடவை விளக்கியிருக்கிறேன். வம்புக்கு இழுத்த டீக்கடைக்காரருக்கே அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன். அந்த நான்கு பாத்தியும் மஞ்சளடிப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய ஒரே ஆளுக்கு என்ன சொன்னேன்? அது அப்படித்தான், நீ கேனைக் கழுவு.

அவள் கேட்டாளே. ஏன் என்று கேட்டாளே. இருபத்து மூன்று வருடம் என்னிடம் யாராவது இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் வயிறெரிந்து நோட்டு நோட்டாக எழுதியவள் நான்.

பென்சில் எண்ணை அழித்தேன். அழித்த இடம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அதன் மேலேயே பேனாவால் 5.1 என்று எழுதினேன்.

நவம்பர் 20

அறிக்கையை அனுப்பிவிட்டேன். "மூன்றாம் ஆண்டில் உரமிடாப் பாத்திகளுக்கு ஆய்வாளர் தகுந்த விளக்கம் அளிக்கத் தவறியதால், பணியாளரால் சாம்பலும் ஆட்டெருவும் இடப்பட்டன." ஆய்வாளர் நான்தான். இரண்டு வருட எண்ணை வைத்து மூன்றாம் வருடத்துக்கு வாதாட முடியாது என்பதையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

"ஆய்வு முழுமை பெறவில்லை. பரிந்துரைக்கத் தக்கதல்ல. நிலையத்தைத் தொடரத் தேவையில்லை." மூன்று வரி. கீழே கையெழுத்து.

ஜனவரி 28, புதன்

நாளை மறுநாள் வண்டி வருகிறது. மூட்டை கட்ட அரைநாள்கூட ஆகவில்லை. மூன்று வருடத்துச் சாமான் நான்கு அட்டைப்பெட்டி.

மதியம் தகரத்தின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. சரிவின் கடைசியில் ஒற்றை வீடு, பக்கத்தில் கொட்டில். அவளும் என்னைப் போல ஒற்றை ஆள்தான் என்பது தெரிந்த விஷயம். நாற்காலி ஒன்றே ஒன்று இருந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதை எனக்குப் போட்டுவிட்டு அவள் நின்றாள்.

"திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ" என்றேன். போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது.

"திட்டினது போகட்டும். அன்னைக்குக் கையைத் தட்டி விட்டீங்களே, அதுதான்."

நான் கொடுமையாகச் சொன்ன வார்த்தையை நினைத்துக்கொண்டு போனேன். அவள் மனதில் நின்றது வேறொன்று. எனக்கு அது ஞாபகத்தில்கூடப் பெரிதாக இல்லை.

கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கேட்டேன், எவ்வளவு போட்டாள், எப்போது போட்டாள் என்று. ஒரு டப்பா மூடியைக் கொண்டுவந்து காட்டினாள். பாத்திக்கு மூன்று மூடி சாம்பல். மறு வாரம் புழுக்கையைப் பொடித்து இரண்டு கூடை. அதற்கடுத்த வாரம் கேன் தண்ணீர்.

"எல்லாத்தையும் ஏன் ஒண்ணா போடலை?"

"மொதல்ல ஒண்ணாத்தான் போட்டேன். மூக்கைப் பிடுங்குற நெடி. இவ்வளவு நெடி மேல போகுதுன்னா கீழ என்ன மிஞ்சும்? அதான் பிரிச்சுப் போட்டேன்."

மூத்திரத்தோடு சாம்பல் சேர்ந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். நான் அதைப் புத்தகத்தில் படித்தேன். இவள் மோந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். பையிலிருந்த சின்னத் தராசில் மூடிச் சாம்பலை நிறுத்தேன். 340 கிராம். எழுதிக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை, பழக்கம்.

அப்புறம், ஆறு மாதம் தாமதமாக, விளக்கம் சொன்னேன். "மழை நல்லா பேஞ்ச வருஷம் எல்லாப் பாத்தியும் உசரும். அப்ப கரியால உசந்ததா, மழையால உசந்ததான்னு எப்படிச் சொல்றது? நாலு சும்மா கிடந்தாத்தான் வித்தியாசம் தெரியும். வித்தியாசம் தெரிஞ்சாத்தான் நாலு ஊருக்குச் சொல்ல முடியும்."

அவளுக்குப் புரிந்தது. சட்டென்று புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுக்கறதுக்காக ஒண்ணைப் பட்டினி போடணும்கறீங்க. சரிதான். ஆனா என்னால முடியாதும்மா. கண்ணு முன்னால வாடினா கை தானாப் போகும். உங்களால முடியுது."

குத்திச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். வாசல்வரை வந்தாள். கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தேன், உள்ளே போயிருந்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணன் கட்டிலை மாட்டிக் கொடுத்தான். தையல் மெஷினை நகர்த்த வேண்டாம், எனக்கு இடம் போதும் என்றேன். அண்ணி பகலில் தைக்கிறாள், நான் வேலைக்குப் போய்விடுகிறேன். ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை. இந்த வீட்டில் எங்களுக்குள் எப்போதுமே தொந்தரவு இருந்ததில்லை.

மார்ச் 17

குப்பி கழுவினேன். நூற்று நாற்பது.

ஜூன் 10, புதன்

மழை. எவ்வளவு என்று தெரியாது. இங்கே அளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஜன்னலில் நின்று, இந்நேரம் மேட்டில் விதைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மேட்டு நினைப்பு வந்தால் ஆளில்லாத வாசற்படிதான் முதலில் வருகிறது. அங்கே இருக்கும்போது தனிமை என்று புலம்பினேன். இங்கே மாடிப்படியில் நாளெல்லாம் ஆள் ஏறி இறங்குகிறார்கள், எனக்கு அங்கே போக வேண்டும் போலிருக்கிறது. இந்தக் கழுதைக்கு எப்போதும் அக்கரைதான் பச்சை.

செப்டம்பர் 2

புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையில் என் பெயரை நன்றியுரையில் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். ஒரு வருடத்துக்கு முன்னால் இதற்குத் துள்ளியிருப்பேன்.

நவம்பர் 11, புதன்

மதியம் வாசல் காவலர் மேலே வந்தார். "உங்க பேருக்கு மூட்டை வந்திருக்கு. பஸ்ல போட்டு அனுப்பியிருக்காங்க. நெல்லு மாதிரி தெரியுது" என்றார்.

இரண்டு சாக்கு. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெரியதன் வாய்க்கட்டில் மடித்துச் செருகிய தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியிருந்தது. அவள் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. அப்படியே இங்கே படியெடுக்கிறேன்:

"அம்மாவுக்கு. எங்க சரிவுல எட்டுப் பாத்தி போட்டேன். கயிறு போட்டு எல்லாம் ஒரே அளவு. விதையும் ஒரே விதை. நாலுக்குச் சாம்பல், புழுக்கை, பள்ளிக்கூடத்துக் கேன் தண்ணி, பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன். நாலுக்கு ஒண்ணும் போடலை. அந்தப் பக்கம் போறப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனேன். ஒருநாள் கூடையை எடுத்துட்டுப் போயிட்டேன், அப்புறம் திரும்பி வந்துட்டேன். போடலை. சத்தியம். எது பெரிய மூட்டைன்னு எனக்கே தெரியுது. எவ்வளவுன்னு சரியாத் தெரியணும்னு சொன்னீங்களே. எடை போட்டுச் சொல்லுங்க. பக்கத்து மேட்டுக்காரங்க ரெண்டு பேர் கேக்கறாங்க."

அங்கேயே, ஆய்வுக்கூடத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காவலர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கண் முன்னால் வாடினால் கை தானாகப் போய்விடும் என்றாளே. ஐந்து மாதம் அந்தக் கையைப் பிடித்து வைத்திருக்கிறாள். எனக்காக. இந்த ஐம்பத்தொரு வருடத்தில் எனக்காக யாரும் இவ்வளவு கஷ்டமான காரியம் செய்ததில்லை.

பதரை நீக்கி, ஈரம் பார்த்து, மூன்று தடவை எடை போட்டேன். நான்கு பாத்திக்கும் சேர்த்து, பட்டினி 11.6 கிலோ. சாப்பிட்டது 19.3.

மாதிரிப் பதிவேட்டில் எழுதும்போது "ஆய்வாளர்" என்ற கட்டத்தில் பேனா நின்றது. அப்புறம் தகரத்தின் பெயரை எழுதினேன். அவளுடைய நிஜப் பெயரை, சம்பளப் பட்டியலில் எப்போதோ பார்த்ததை. கொஞ்சம் நீளமான பெயர், கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

இதைத் தபாலில் எழுதிப் போட மனம் வரவில்லை. நான்கு நாள் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, "ஒருவரைப் பார்க்க" என்று எழுதினேன். சனிக்கிழமை முதல் பஸ்.